எம்.எஸ். நோயில் கஞ்சா வேதிப்பொருள்கள் நரம்பைக் காக்குமா?

மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். நோய் உள்ளவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் கஞ்சா பற்றிய பேச்சு எப்போதாவது ஒருநாள் வந்தே தீரும். அப்போது இரண்டு வேறு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இறுகிப்போன கால் தசை கொஞ்சம் இளகுமா, வலி குறையுமா, ராத்திரி தூக்கம் வருமா என்பது ஒரு கேள்வி. நோயால் அழிந்துகொண்டிருக்கும் நரம்பை அது காப்பாற்றுமா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு, அளவோடு சொன்னால், 'சிலருக்கு உதவுகிறது' என்ற பதில் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலையே இரண்டாவது கேள்விக்கும் ஒட்டவைத்து விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அது பெரிய கவலை. ஏனென்றால் இரண்டாவது கேள்வியை விஞ்ஞானிகள் நேர்மையாக, பல வருடம் செலவழித்துக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதை முழுதாகத் தெரிந்தால் யாரும் எளிதில் ஏமாறமாட்டார்கள்.

உலகம் முழுவதும் 28 லட்சம் பேருக்கு மேல் எம்.எஸ். இருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகமாக வரும். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள், வேலை, கல்யாணம், குழந்தை என்று வாழ்க்கை சூடுபிடிக்கும் காலத்தில் வருகிறது. பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்கோ 1868இல் இதைத் தனி நோயாக விவரித்தார். நம் நோயெதிர்ப்பு அணுக்களே மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உள்ளே புகுந்து, நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகின்றன. மின்கம்பியின் மேலுறை உரிந்துபோனால் எப்படியோ அப்படி, செய்தி தடுமாறுகிறது: பார்வை மங்குகிறது, கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது. சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் மறுபடி வரும்.

உறை போவதுதான் நோய், உள்ளே இருக்கும் இழை தப்பித்துக்கொள்கிறது என்றே வெகுகாலம் பாடம் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வுகளில் முக்கியமானது 1998இல் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் புரூஸ் டிராப்பும் சக ஆய்வாளர்களும், இறந்துபோன எம்.எஸ். நோயாளிகளின் மூளைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் வைத்து, துண்டிக்கப்பட்ட நரம்பிழைகளை எண்ணினார்கள். அந்த இழைகளை ஆக்ஸான் என்பார்கள். அழற்சி தீவிரமாக இருந்த இடங்களில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 11,000 ஆக்ஸான்கள் அறுந்து கிடந்தன. நோயில்லாதவர்களின் திசுவில் அதே அளவு இடத்தில் ஒன்றுகூட இல்லை என்றே சொல்லலாம். உறை திரும்ப வளரும். அறுந்த ஆக்ஸான் மூளையிலும் தண்டுவடத்திலும் திரும்ப வளராது. நிரந்தரமாக நடை போவதற்குக் காரணம் அதுதான்.

ஆக்ஸான் ஏன் சாகிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அழற்சி நடக்கும் இடத்தில் குளூட்டமேட் என்ற நரம்புத் தூது வேதிப்பொருள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடுகிறது. அது அளவோடு இருந்தால் செய்தி, அளவு மீறினால் நஞ்சு. உறை இழந்த ஆக்ஸான் செய்தியைக் கடத்தவே அதிக சக்தி செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதேநேரம் அதற்குச் சக்தி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பழுதாகிவிடுகின்றன. சக்தி தீர்ந்ததும் சோடியம் உள்ளே தேங்குகிறது. அதன் பின்னாலேயே கால்சியம் புகுந்து, இழையை உள்ளிருந்தே சிதைக்கும் நொதிகளை எழுப்பிவிடுகிறது.

இன்று கையில் இருக்கும் மருந்துகள் பெரும்பாலும் நோயெதிர்ப்புத் தாக்குதலைத் தடுப்பவை. 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பீட்டா இன்டர்ஃபெரானில் ஆரம்பித்து இப்போது இருபதுக்கு மேல் வந்துவிட்டன. விட்டுவிட்டு வரும் வகை எம்.எஸ்.ஸில் அவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் திடீர்த் தாக்குதல் ஏதும் இல்லாமல் வருடா வருடம் மெல்ல மெல்லச் சரியும் கட்டம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் மருத்துவம் திணறுகிறது. ஆரம்பத்திலிருந்தே சரியும் வகைக்கு 2017இல் அனுமதி பெற்ற முதல் மருந்தான ஓக்ரெலிசுமாப்பின் சோதனையையே பாருங்கள். போலி மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு நிலை மோசமானது. மருந்து பெற்றவர்களில் 33 பேருக்கு. லாபம்தான், ஆனால் கொஞ்சம். அதனால்தான் நோயெதிர்ப்பைத் தொடாமல் நரம்பையே நேரடியாகக் காக்கும் பொருளுக்காக இத்தனை தேடல். கஞ்சா இந்தக் கதைக்குள் நுழைவதும் இந்த இடத்தில்தான்.

கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யைத் தனியே பிரித்து அதன் அமைப்பை 1964இல் கண்டறிந்தவர்கள் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் கவோனியும். அது உடலில் எங்கே போய் ஒட்டுகிறது என்பது தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. மூளையில் சி.பி.1 என்ற ஏற்பி, அதாவது இத்தகைய பொருளைப் பிடித்துக்கொள்ளும் அணுவின் புரதம், இருப்பது 1988இல் உறுதியானது, அதன் மரபணு 1990இல் கிடைத்தது. நோயெதிர்ப்பு அணுக்களில் அதிகம் காணப்படும் சி.பி.2 ஏற்பி 1993இல். நம் உடலே தயாரித்து இந்த ஏற்பிகளுக்கு அனுப்பும் பொருள்களில் ஆனந்தமைடு 1992இலும் 2-ஏ.ஜி. 1995இலும் தெரியவந்தன.

இந்த அமைப்பு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். சாதாரணமாக நரம்புச் செய்தி அனுப்பும் முனையிலிருந்து பெறும் முனைக்குப் போகும். இந்த ஏற்பிகளில் ஒட்டும் பொருள்களைக் கன்னாபினாய்டு என்பார்கள். உடலின் கன்னாபினாய்டுகள் எதிர்த்திசையில் பயணிக்கின்றன. செய்தி பெறும் நரம்பணு தன்மேல் குளூட்டமேட் அதிகமாகக் கொட்டுவதை உணர்ந்தால், அந்தக் கணத்திலேயே கன்னாபினாய்டைத் தயாரித்துப் பின்னோக்கி அனுப்புகிறது. அது அனுப்பும் முனையில் இருக்கும் சி.பி.1இல் போய் ஒட்டி, 'போதும், நிறுத்து' என்று குளூட்டமேட் வெளியேற்றத்தைக் குறைக்கிறது. முன்கூட்டியே சேமித்து வைப்பதில்லை, தேவைப்படும்போது தேவைப்படும் இடத்தில் மட்டும் உருவாகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், முன்மூளையின் நரம்பணுக்களில் சி.பி.1 நீக்கப்பட்ட எலிகளுக்கு வலிப்பைத் தூண்டும் கெய்னிக் அமிலம் கொடுத்தபோது, வலிப்பும் அதைத் தொடர்ந்த நரம்புச் சேதமும் மற்ற எலிகளைவிடக் கடுமையாக இருந்தன. அதாவது மிகைத் தூண்டலிலிருந்து நரம்பைக் காக்கும் ஏற்பாடு ஏற்கெனவே நம் உடலிலேயே இருக்கிறது.

எம்.எஸ். போன்ற நோயை எலிகளில் செயற்கையாக உண்டாக்கலாம். லண்டனில் டேவிட் பேக்கரும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி நோயுற்ற எலிகளின் நடுக்கமும் தசை இறுக்கமும் கன்னாபினாய்டு கொடுத்ததும் தணிந்தன. அதைவிடச் சுவாரசியமானது அடுத்த படி. ஏற்பிகளை அடைக்கும் மருந்தை மட்டும் கொடுத்தபோது இறுக்கம் கூடியது. வெளியிலிருந்து எதுவும் தராமலேயே உடல் தன் சொந்தச் சரக்கால் இறுக்கத்தை அடக்கிக்கொண்டிருந்தது என்று இதற்கு அர்த்தம். அதே குழு 2003இல் நரம்பு அழிவு என்ற கேள்விக்கே போனது. சி.பி.1 இல்லாத எலிகளுக்கு அதே நோயை உண்டாக்கியபோது அவற்றின் நரம்பிழைகள் மற்றவற்றைவிட வேகமாக அழிந்தன. அதே வருடம் மாட்ரிடில் கார்மென் குவாஸாவின் குழு, வைரஸால் மயலின் இழந்த எலிகளுக்குச் செயற்கைக் கன்னாபினாய்டு கொடுத்தது. அவற்றின் நடமாட்டம் தேறியது. தண்டுவடத்தில் அழற்சி குறைந்து, மயலின் திரும்ப வளர்ந்ததும் தெரிந்தது.

கஞ்சாவின் இன்னொரு வேதிப்பொருளான, போதை தராத சி.பி.டி.க்கு வேறு வழி. அது சி.பி.1இல் வலுவாக ஒட்டுவதில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் எய்டன் ஹாம்ப்ஸனும், நோபல் பரிசு பெற்ற ஜூலியஸ் ஆக்ஸல்ராடும் மற்றவர்களும் 1998இல் ஒன்றைக் காட்டினார்கள். கிண்ணத்தில் வளர்த்த எலி நரம்பணுக்கள்மேல் நஞ்சாகும் அளவு குளூட்டமேட்டை ஊற்றினாலும், சி.பி.டி.யோ டி.எச்.சி.யோ இருந்தால் சாவு குறைந்தது. ஏற்பிகளை அடைத்த பின்னும் அந்தப் பாதுகாப்பு நீடித்தது. சிதைவை உண்டாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை இவை நேரடியாகவே அடக்குகின்றன என்று விளங்கியது. இந்த வேலைக்கு 2003இல் அமெரிக்க அரசின் பெயரிலேயே ஒரு காப்புரிமை கிடைத்தது. இன்றைக்குக் கஞ்சா எண்ணெய் விற்பவர்கள் எல்லாரும் 'அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டுவிட்டது' என்று காட்டுவது இந்தக் காப்புரிமையைத்தான். காப்புரிமை என்பது ஒரு யோசனை புதியது, பயன்படக்கூடும் என்பதற்கான பதிவு. நோயாளிக்குக் குணமானதற்கான சான்று அது இல்லை. அந்த ஆய்வில் எந்த நோயாளியும் இல்லை, கிண்ணத்தில் எலி அணுக்கள் மட்டுமே இருந்தன.

சரி, எலியில் இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது மனிதனிடம் ஏன் தெரியக் கூடாது? இந்த இடத்தில்தான் பல கட்டுரைகள் ஒரு தாவல் தாவிவிடுகின்றன. சி.பி.1ஐ நீக்கினால் நரம்பு சீக்கிரம் அழிகிறது என்பது உண்மை. உடலின் சொந்த அமைப்பு காவல் காக்கிறது என்பதை அது நிரூபிக்கிறது. ஆனால் அந்த அமைப்பு சரியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு வெளியிலிருந்து இன்னும் டி.எச்.சி. கொடுத்தால் காவல் கூடும் என்பதை அது நிரூபிக்கவில்லை. உடல் தேவையான கணத்தில், தேவையான இடத்தில் மட்டும் சுரப்பது ஒன்று. மாத்திரையாக விழுங்கி மூளை முழுவதையும் மணிக்கணக்கில் நனைப்பது வேறொன்று. தொடர்ந்து அப்படி நனைத்தால் ஏற்பிகளே குறைந்துபோகும், பழகிப்போய் வேலை செய்வது மங்கும். தவிர, எலிக்குக் கொடுத்த அளவை உடல் எடைக் கணக்கில் மனிதனுக்குக் கொண்டுவந்தால் அவரால் எழுந்து நிற்க முடியாது.

மனிதர்களிடம் நடந்த முதல் பெரிய சோதனை பிரிட்டனில் ஜான் ஸஜிசெக் தலைமையில் நடந்தது. 33 மையங்கள், 630 நோயாளிகள், 15 வாரம், 2003இல் முடிவு. மருத்துவர் நோயாளியின் காலைக் கையில் பிடித்து மடக்கி நீட்டி, எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்று மதிப்பெண் போடும் ஆஷ்வர்த் அளவுகோலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் நோயாளிகளைக் கேட்டபோது, கஞ்சாச் சாறோ டி.எச்.சி.யோ எடுத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் இறுக்கம் குறைந்தது என்றார்கள். போலி மருந்து எடுத்தவர்களில் 46 சதவீதம். தாங்கள் எடுப்பது நிஜ மருந்துதான் என்று பலரும் தலைசுற்றலை வைத்தே ஊகித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். சோதனையை ஒரு வருடத்துக்கு நீட்டியபோது, டி.எச்.சி. எடுத்தவர்களின் ஊனம் கூடுவது கொஞ்சம் தணிந்ததுபோல் ஒரு சாயல் தெரிந்தது. ஒரு சாயல்தான். ஆனாலும் எலி ஆய்வுகள் சொன்னதோடு அது பொருந்தியதால், நரம்புக் காப்பு என்ற கேள்வியை மட்டும் குறிவைத்து ஒரு தனிச் சோதனை நடத்தலாம் என்று முடிவானது.

கியூபிட் என்ற அந்தச் சோதனைதான் இந்த விஷயத்தில் இதுவரை நம்மிடம் இருக்கும் முக்கியமான சாட்சி. பிரிட்டனின் 27 மையங்களில், சரியும் வகை எம்.எஸ். உள்ளவர்கள் சேர்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு டி.எச்.சி. மாத்திரை, நாளுக்கு அதிகபட்சம் 28 மில்லிகிராம். மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. மூன்று வருடம். சேரும்போது அவர்கள் நிலை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வது முக்கியம். எம்.எஸ். ஊனத்தை அளக்க 0 முதல் 10 வரை செல்லும் ஈ.டி.எஸ்.எஸ். என்ற அளவுகோல் இருக்கிறது. 4 என்றால் துணையில்லாமல் அரை கிலோமீட்டர் நடக்கலாம். 6 என்றால் நூறு மீட்டர் நடக்கவே கைத்தடி வேண்டும். 6.5 என்றால் இரண்டு பக்கமும் தாங்கல் வேண்டும். 7க்குப் போனால் சக்கர நாற்காலி. கியூபிட்டில் சேர்ந்தவர்கள் 4 முதல் 6.5 வரை இருந்தவர்கள்.

2013இல் முடிவு வந்தது. டி.எச்.சி. எடுத்த 329 பேரில் 145 பேருக்கு ஊனம் ஒரு படி கூடியிருந்தது. போலி மாத்திரை எடுத்த 164 பேரில் 73 பேருக்கு. இரண்டுமே 44 சதவீதத்தை ஒட்டித்தான். மூளை ஸ்கேனிலும் நரம்பு காக்கப்பட்டதற்கான தெளிவான தடயம் கிடைக்கவில்லை. தீவிரப் பக்கவிளைவு ஒன்றாவது ஏற்பட்டவர்கள் டி.எச்.சி. பிரிவில் 35 சதவீதம், மற்றதில் 28 சதவீதம். இதற்காக மூன்று வருடம் மாத்திரை விழுங்கி, ஆஸ்பத்திரிக்கு வந்து வந்து நடந்துகாட்டிய அந்த 493 பேருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். 'நடக்கவில்லை' என்று தெரிந்துகொள்வதும் விலைமதிப்புள்ளதுதான்.

அந்தத் தோல்வியிலும் படிக்க வேண்டிய வரிகள் உண்டு. சேர்ந்தவர்களின் நோய் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே முன்னேறியது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பெரிதாக மோசமாகாத கூட்டத்தில் மருந்து எதைத் தடுத்துக் காட்டும்? அளவுகோலின் கீழ்முனையில் இருந்தவர்களிடம், அதாவது இன்னும் ஓரளவு நன்றாக நடந்தவர்களிடம், டி.எச்.சி. கொஞ்சம் உதவியதுபோல் ஒரு உபகணக்கு காட்டியது. இதைப் பிடித்துக்கொண்டு 'சீக்கிரம் ஆரம்பித்தால் பலிக்கும்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். மொத்தக் கணக்கு தோற்ற பிறகு உள்ளே துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் ஏதாவது ஒரு துண்டு நன்றாகத்தான் தெரியும். அதை அடுத்த சோதனைக்கான காரணமாகக் கொள்ளலாம், மருந்துச் சீட்டாகக் கொள்ள முடியாது.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இந்தக் களத்தில் தோற்றது கஞ்சா மட்டும் இல்லை. அமிலோரைடு, ஃப்ளுவாக்ஸெடின், ரிலுஸோல் என மூன்று மருந்துகளை ஒரே நேரத்தில் சோதித்த பிரிட்டிஷ் ஆய்வு 2020இல் தோல்வி என்று அறிவித்தது. கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாடின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது, 2024இல் அதுவும் கைவிட்டது. ஆய்வகத்தில் நரம்பைக் காப்பது, மனிதனிடம் பத்து இருபது வருடமாக நடக்கும் அழிவைத் தடுப்பதைவிட மிகமிக எளிது.

அறிகுறித் தணிப்பு தனிக் கணக்கு. அதில் கஞ்சாவுக்குப் பழைய வரலாறே இருக்கிறது. கல்கத்தாவில் பணியாற்றிய வில்லியம் ஓ'ஷானசி என்ற மருத்துவர் 1839லேயே ரணஜன்னி (டெட்டனஸ்) நோயாளிகளின் தசைப்பிடிப்புக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். மேற்கத்திய மருத்துவம் இதைக் கற்றது அப்படி நம் நாட்டு வழக்கத்திலிருந்துதான். இன்று பிரிட்டனில் 2010 முதல் எம்.எஸ். தசை இறுக்கத்துக்கு சாட்டிவெக்ஸ் என்ற வாய் ஸ்பிரே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஸ்பிரேயில் 2.7 மில்லிகிராம் டி.எச்.சி., 2.5 மில்லிகிராம் சி.பி.டி. இருக்கும். சாராயக் கரைசல் என்பதால் நாக்குக்கு அடியில் அடித்தால் எரியும், அந்தச் சுவையை மறைக்கப் புதினா எண்ணெய் சேர்த்திருப்பார்கள். மற்ற மருந்துகள் பலிக்காதவர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, இறுக்கம் 20 சதவீதமாவது குறைந்தால் மட்டும் தொடரலாம் என்பது 2019இல் அங்கே வந்த வழிகாட்டுதல். அமெரிக்காவில் அது அனுமதி பெறவில்லை, 2022இல் ஒரு சோதனை எதிர்பார்த்த பலனைக் காட்டாமல் முடிந்தது. சிலருக்கு உதவும், பலருக்கு உதவாது, நரம்பைக் காக்கும் என்று யாரும் அனுமதி தரவில்லை. ஸ்பிரேயின் நிலவரம் இவ்வளவுதான்.

நரம்பைக் காக்கிறது என்று நம்பிப் புகைப்பவர்களுக்கு டொராண்டோவின் ஆன்டனி ஃபைன்ஸ்டைன் செய்த ஆய்வைக் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட தினமும் கஞ்சா புகைத்த 40 எம்.எஸ். நோயாளிகளை எடுத்து, பாதிப் பேரை நிறுத்தச் சொன்னார்கள், பாதிப் பேரைத் தொடரவிட்டார்கள். 28 நாளில் நிறுத்தியவர்களின் நினைவாற்றலும் சிந்தனை வேகமும் தெளிவாகத் தேறின. தொடர்ந்தவர்களிடம் அந்தத் தேறல் இல்லை. எம்.எஸ். ஏற்கெனவே பலரின் நினைவாற்றலைத் தின்னும் நோய். அதன் மேல் இன்னொரு சுமையை நாமே ஏற்றலாமா? நம் ஊரில் கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து சுருட்டுவது சகஜம். புகையிலைப் புகை எம்.எஸ்.ஸை வேகப்படுத்துகிறது என்பதில் சந்தேகமே இல்லை. சி.பி.டி. எண்ணெயும் வெறும் தண்ணீர் இல்லை. அதிக அளவில் ஈரல் நொதிகளை உயர்த்தும். எம்.எஸ்.ஸுக்குத் தரும் டெரிஃப்ளூனோமைடு போன்ற மருந்துகளுக்கும் அதே குணம் இருப்பதால், இரண்டையும் சேர்ப்பதாக இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாப் பூவும் பிசினும் குற்றம். பூ இல்லாத இலை அந்த வரையறைக்குள் வராது. அந்த இடைவெளியில்தான் 'விஜயா' என்ற பெயரில் இலைச்சாறு எண்ணெய்கள் ஆன்லைனில் விற்கின்றன. வலிக்காக ஒருவர் மருத்துவரைக் கேட்டு அதை எடுப்பது வேறு விஷயம். 'நரம்பு புதுசா வளரும்' என்று கேட்டுவிட்டு, ஊசியையோ மாத்திரையையோ நிறுத்துவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. சில எம்.எஸ். மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும். ஃபிங்கோலிமோடும் நட்டாலிசுமாப்பும் அப்படிப்பட்டவை. அப்போது அறும் ஆக்ஸான்களை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. வெளியிலிருந்து கொட்டுவதற்குப் பதில், உடலின் சொந்தக் கன்னாபினாய்டு சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொண்டால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். கோட்பாட்டளவில் இதுதான் எனக்கு அதிகம் பிடித்த வழி, ஏனென்றால் உடல் தேர்ந்தெடுத்த இடத்தில் மட்டுமே அது வேலை செய்யும். ஆனால் ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் ஒரு மருந்தை 2016 ஜனவரியில் பிரான்ஸின் ரென் நகரில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது ஒருவர் இறந்தார், சிலருக்கு மூளை பாதிக்கப்பட்டது. அந்த மருந்து வேறு நொதிகளையும் தாக்கியதுதான் காரணமாக இருக்கலாம் என்பது பின்னால் வந்த ஆய்வுகளின் கணிப்பு. சி.பி.2ஐ மட்டும் தொடும் பொருள்கள் போதை தராது என்பதால் அவற்றையும் சோதிக்கிறார்கள். சிதையும் ஆக்ஸானிலிருந்து ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தை இப்போது ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே அளக்க முடிகிறது. கியூபிட் நடந்த காலத்தில் இந்த வசதி கைவசம் இல்லை. இளம் வயதில், நோய் வந்த புதிதில், வழக்கமான மருந்தை நிறுத்தாமல் அதோடு சேர்த்து ஒரு கன்னாபினாய்டைக் கொடுத்து, அந்தப் புரதம் இறங்குகிறதா என்று சில நூறு பேரிடம் இரண்டு மூன்று வருடம் பார்க்கும் ஒரு சோதனை நடந்தால், எலிகள் சொன்னது மனிதனுக்கும் பொருந்துமா என்று தெரிந்துவிடும்.